முத்திரை மட்டும் வைக்காதீர்கள்

ஹிராகதா, ஒசாகா
1993 அக்டோபர் 18

தகூமாவின் அப்பாவுக்கு,

இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. நேராகவே கேட்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை தகூமா பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டான். பயப்பட வேண்டாம், காலையில் சாப்பிடாமல் ஓடியதுதான் காரணம். பதற்றத்தில் உங்கள் டொயாமா கிளைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ரொம்பப் பணிவாகப் பேசினாள்.

"நகாசே குனிஹிகோவா? அப்படி யாரும் எங்ககிட்ட இல்லைங்களே."

"ஆகஸ்ட்ல வந்த புதுத் துணை மேலாளர்மா."

"எங்க துணை மேலாளர் வேற ஒருத்தருங்க. அவரு பல வருஷமா இங்கேயேதான் இருக்காரு."

தப்பான எண்ணுக்கு அடித்துவிட்டேன் என்று சொல்லி, போனைப் பார்த்து ஒரு வணக்கமும் போட்டுவிட்டு வைத்தேன். வைத்த பிறகு என் முகம் எரிந்தது. உங்களுக்குப் பதவி உயர்வு என்று எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தவள் நான்தானே? எதிர்வீட்டு அம்மாள் இன்னமும் என்னை 'துணை மேலாளர் வீட்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஞாயிறுதோறும் போன் செய்து, "ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறீர்கள். அந்த 'ஒண்ணுமில்ல'யை இன்னொரு தடவை காதில் வாங்க எனக்குத் தெம்பில்லை. இனிமேல் போன் வேண்டாம், எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால் உங்களுக்குப் பொய் வராது. கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியதிலேயே அதைப் பார்த்துவிட்டேன்.

இன்னொருத்தி இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அடிக்க வரமாட்டேன், ரயில் கட்டணம் அதிகம்.

மிச்சியோ


டொயாமா, கம்பெனி விடுதி
அக்டோபர் 22

மிச்சியோவுக்கு,

இன்னொருத்தி இல்லை. இருந்திருந்தால் இதைவிடச் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

நான் துணை மேலாளர் இல்லை. எந்த மேலாளரும் இல்லை. கிளைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. அதன் மாடியில் ஒரு அறை. கதவில் 'திறன் வளர்ப்பு அறை' என்று எழுதியிருக்கிறது. அங்கே நாங்கள் நான்கு பேர். நான்கு மேசைகளும் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றன. போன் கிடையாது. வந்த முதல் நாளே எங்கள் பெயர் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்த அட்டை. இப்போது யாராவது அறிமுகமானால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது, வெறுங்கையாகத் திரும்புகிறது.

வேலை என்ன என்று கேட்பாய். எங்களுக்கு வேறு எந்தக் கம்பெனி வேலை தரும் என்று நாங்களே தேட வேண்டும். அதுதான் வேலை. தேடிப் பார்த்ததைத் தினமும் சாயங்காலம் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்தித்தாள் படிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவருடன் பேசக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. வியாழக்கிழமை தோறும் ஒசாகாவிலிருந்து பணியாளர் பிரிவின் ஓந்தா வருகிறான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டு, "நகாசே சான், ராஜினாமாவைப் பத்தி மனசு ஏதாவது மாறிச்சுங்களா?" என்று மரியாதைக்கு ஒரு 'சான்' போட்டுச் சிரித்தபடி கேட்பான். 'போ' என்று மட்டும் சொல்ல மாட்டான். போ என்று சொன்னால் அது கம்பெனி அனுப்பியதாகிவிடும், வழக்கு வரும். நாங்களாக, 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று எழுதி, கையெழுத்து இடத்தில் அவரவர் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சுவர்.

இன்னொன்று. என் பக்கத்து மேசையில் யார் தெரியுமா? மொரிஷிகே சான். ஆமாம், நம் கல்யாணத்தை முன்னின்று நடத்திவைத்த அதே மொரிஷிகே சான். விற்பனைப் பிரிவையே ஆட்டிவைத்தவர். தினமும் இஸ்திரி போட்ட சூட்டோடு வந்து சுவரைப் பார்த்து உட்காருகிறார். பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்து, "நகாசே, டீ" என்கிறார். நானும் எழுந்து போய்ப் போட்டுக் கொண்டுவருகிறேன். சில நாள் அந்த டீயை அவர் தலையிலேயே ஊற்றலாம் போல இருக்கிறது. சில நாள் அந்த டீ ஒன்றுதான் நான் செய்யும் வேலை என்றும் தோன்றுகிறது.

மிச்சியோ, என்னால் முடியவில்லை. காலையில் அந்த மாடிப்படியைப் பார்த்தாலே வாந்தி வருகிறது. முத்திரை வைத்துவிட்டு வந்துவிடட்டுமா? நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

குனிஹிகோ


ஹிராகதா
அக்டோபர் 26

தகூமாவின் அப்பாவுக்கு,

முத்திரை மட்டும் வைக்காதீர்கள்.

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் வங்கியில் வாங்கியதில்லை, கம்பெனியில் வாங்கியது. வேலையை விட்ட அன்றே மீதி முழுவதையும் கட்ட வேண்டும் என்று நீங்கள்தான் அப்போது எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'நான் எங்கே வேலையை விடப்போறேன்' என்று சிரிக்கவும் செய்தீர்கள். ஓய்வுத் தொகை முழுவதையும் அதில் போட்டாலும் போதாது. வீட்டை விற்கலாம் என்றால், இன்றைய விலைக்கு விற்றாலும் கடன் மிஞ்சும். தகூமாவுக்குப் பிப்ரவரி கடைசியில் நுழைவுத் தேர்வு. அவனை நடுத்தெருவில் நிறுத்தி எங்கே பரீட்சை எழுதச் சொல்வது?

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அதை மறைக்க வெங்காயம் நறுக்கினேன், தகூமா வந்து, "எதுக்கு இவ்வளவு வெங்காயம்?" என்றான். அன்றைக்கு வீட்டில் வெங்காய சூப்தான். ஆனால் அழுது முடித்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரித்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கிறேன். எண்ணெய் நாற்றம் குளித்தாலும் போவதில்லை. எனக்கு யாராவது ஒரு நாற்காலி கொடுத்து, சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னால் கும்பிட்டு உட்காருவேன். அப்படியில்லை, அது வேறு என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உட்கார்ந்திருங்கள். அவர்களுக்கு அலுத்துப்போகும்வரை உட்கார்ந்திருங்கள்.

மொரிஷிகே சான் அங்கே இருப்பது தொஷிகோ அம்மாளுக்குத் தெரியுமா? போன மாதம்கூட எனக்கு அட்டை எழுதியிருந்தார். 'என் வீட்டுக்காரர் டொயாமா கிளைக்கு ஆலோசகராகப் போயிருக்கிறார்' என்று. உங்கள் கம்பெனியில் ஆண்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பொய் படித்தீர்களா?

குளிருக்கு உள்சட்டை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சியோ


டொயாமா
டிசம்பர் 3

மிச்சியோவுக்கு,

உள்சட்டை சரியாக இருக்கிறது. பனி வந்துவிட்டது.

உட்கார்ந்துதான் இருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். 'நான் ஏன் கம்பெனிக்குப் பயன்படாதவன் ஆனேன்' என்று ஒவ்வொருவரும் எழுதி, எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். மற்ற இரண்டு பேரில் ஒருவர் வாசிக்கும்போது குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டார். மொரிஷிகே சான் முறை வந்தது. காகிதத்தை மூக்குக்கண்ணாடிக்கு எதிரே பிடித்து, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் காரணம் எதுவும் இல்ல" என்று ஒரே வரியை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓந்தாவுக்குக் காது சிவந்துபோனது.

மத்தியானம் அவரிடம், "நீங்க எதுக்கு சார் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீங்க, உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம்தானே?" என்று கேட்டேன்.

"நான் வேண்டாம்னா, வேண்டாம்னு அவங்க வாயால சொல்லட்டும். என் கையால என்னையே துரத்தச் சொன்னா எப்படி? அது மட்டும் நடக்காது" என்றார்.

இதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதினால் பொய் வராது என்று நீதான் சொன்னாய்.

நேற்று ஓந்தா என்னை மட்டும் கடைசியாகக் கூப்பிட்டான். டீ வரவழைத்துக் கொடுத்தான். "மொரிஷிகே சான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மத்த ரெண்டு பேரும் அவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. நீங்க அவருக்கு நெருக்கமானவர். உங்க கல்யாணத்தையே அவர்தான் நடத்திவெச்சாராமே? நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாரு. அவர் போயிட்டா, ஏப்ரல்ல உங்களுக்கு ஒசாகா தலைமை அலுவலகத்துல இடம் இருக்கு" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 'முடியாது' என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது, மிச்சியோ. சத்தியமாக வந்தது. பிறகு நம் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது.

நீ என்ன நினைக்கிறாய்?

குனிஹிகோ


ஹிராகதா
டிசம்பர் 11

தகூமாவின் அப்பாவுக்கு,

இது மூன்றாவது காகிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில், "என்ன மனிதர் நீங்கள், இதைப் போய் யோசிக்கிறேன் என்றா சொல்வது" என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

நேற்று வருடக் கடைசி அன்பளிப்பு அனுப்பக் கடைத்தெருவுக்குப் போனேன். மொரிஷிகே வீட்டுக்கு வழக்கம்போல் பன்றி இறைச்சிப் பெட்டி. எப்போதும் நடுத்தர விலைப் பெட்டிதான் அனுப்புவோம். இந்தத் தடவை என் கை தானாக விலை கூடியதைக் காட்டியது. கடைப் பெண், "இந்த வருஷம் ஏதாவது விசேஷங்களா?" என்றாள். அப்போதுதான் என் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஒருவருக்குக் குழி வெட்ட நினைக்கிறவள்தான் விலை கூடிய பெட்டி அனுப்புவாள்.

ஆகவே எழுதிவிடுகிறேன். செய்யுங்கள்.

அவருக்குப் பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீடு சொந்தம். இரண்டு வருஷம் முன்னால் போனால் அவமானம், அவ்வளவுதான். நமக்கு அப்படியில்லை. நான் சொல்வது அநியாயம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாள் இதை நினைத்து வெட்கப்படும்போது, 'என் மனைவி செய்யச் சொன்னாள், அதனால் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுத்தில் தருகிறேன். பாவத்தை என் தலையில் போட்டுவிடுங்கள்.

புது வருஷத்துக்கு வீட்டுக்கு வருவீர்கள் அல்லவா? அப்போது தகூமா முன்னால் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மிச்சியோ


டொயாமா
1994 ஜனவரி 17

மிச்சியோவுக்கு,

புது வருஷத்தில் வீட்டில் நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மூன்று நாள் ஓட்டிவிட்டோம். தகூமா இரண்டு தடவை, "நீங்க ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டான். நீ, "அரிசி விலை ஏறிப்போச்சுடா, அந்தக் கவலை" என்றாய். நானும் தலையாட்டினேன். நல்ல ஜோடிதான் நாம்.

நேற்று செய்துவிட்டேன். செய்தேன் என்றும் சொல்ல முடியாது. எழுதுகிறேன், நீயே பார்.

விடுதியில் அவர் அறை எனக்கு இரண்டு அறை தள்ளி. பேச்சுவாக்கில் சொல்லிவிடலாம் என்று பல நாள் பார்த்தேன், முடியவில்லை. முறையாகப் போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, சூட்டும் டையும் போட்டுக்கொண்டு, கடையில் ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். வீட்டுக் கம்பளிச் சட்டையோடு கதவைத் திறந்தவர், என் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

நான் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்தேன். "ரொம்ப நாளா சொல்லத் தயங்கிட்டு இருந்தேன். எங்க கல்யாணத்தை நடத்திவெச்சவர் நீங்க. உங்க முகத்துல முழிக்கவே எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா இனிமே இப்படியே ஓட்ட முடியாதுன்னு ஆயிடுச்சு. மிச்சியோவும் நானும் யோசிச்சுத்தான்..." என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அவர் கையை உயர்த்தினார். "போதும். சொல்லாதே. எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார். முகம் வெளுத்திருந்தது. இனிப்புப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, "எல்லாம் இந்த எழவெடுத்த அறையாலதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மிச்சியோவுக்கும் இதுதான் முடிவா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். "எனக்குக் கொஞ்சம் நாள் குடு, நகாசே. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றார். வாசல்வரை வந்து என் தோளைத் தட்டி அனுப்பினார்.

அவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே அவர் புரிந்துகொண்டுவிட்டார். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்திலா நிம்மதியிலா என்று தெரியவில்லை.

குனிஹிகோ


ஹிராகதா, விரைவுத் தபால்
ஜனவரி 23

தகூமாவின் அப்பாவுக்கு,

அவர் புரிந்துகொள்ளவில்லை. நீங்களும் புரிந்துகொள்ளவில்லை.

இன்று காலை தொஷிகோ அம்மாள் வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல், கிமோனோ உடுத்திக்கொண்டு, கையில் கேக் பெட்டியோடு. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சியோ, விவாகரத்துன்னு மட்டும் சொல்லிடாதம்மா. தகூமா பரீட்சை முடியட்டும். அதுவரைக்குமாவது பொறுத்துக்கோ."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம் அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. பிரிந்து இருக்கிற கணவன், சூட்டு போட்டு, இனிப்புப் பெட்டியோடு, கல்யாணத்தை நடத்திவைத்தவரிடம் போய், 'இனிமேல் ஓட்ட முடியாது, மனைவியும் நானும் யோசித்துவிட்டோம்' என்று மண்டியிட்டால் யார்தான் வேறு எதை நினைப்பார்கள்? கட்டிவைத்தவரிடம் சொல்லாமல் பிரியக் கூடாது என்று, முறை தவறாமல் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வாயைத் திறந்து முழுசாகச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?

இதோடு முடியவில்லை. தொஷிகோ அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் வீட்டுக்காரர் போன்ல ரொம்ப நேரம் பேசினாரு. அவர் நடத்திவெச்ச கல்யாணம் ஒண்ணுகூட இதுவரைக்கும் உடைஞ்சதில்ல. இதையும் உடைய விடமாட்டேன்னாரு. நகாசேயை டொயாமாவுல போட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம், கம்பெனிக்காரங்க என்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேட்டுட்டு இருக்காங்க, அதைக் குடுத்து அவனை ஒசாகாவுக்குத் திருப்பி அனுப்ப வெக்கிறேன், வியாழக்கிழமை பேசறேன்னாரு. அவர்கிட்ட அவங்க கேக்கறதுக்கு என்ன இருக்கு மிச்சியோ? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். விவாகரத்து எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? அந்த ஒரு நொடியில், நாம் எதைக் கேட்க நினைத்தோமோ அது கேட்காமலே கைக்கு வந்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது. நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "பிரிஞ்சு இருந்தா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. எனக்கும் வீடு வெறிச்சோடிப் போச்சு" என்றார்.

வியாழக்கிழமைக்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும். போன் செய்யலாம் என்றால் உங்கள் விடுதிப் போன் காவலாளி அறையில் இருக்கிறது, எல்லாரும் நின்று கேட்பார்கள். செய்யுங்கள் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. வாபஸ் வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்வதும், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருப்பதும் உங்கள் இஷ்டம். என் இஷ்டம் என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மிச்சியோ


டொயாமா
ஜனவரி 27, வியாழன்

மிச்சியோவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அவர் ரகசியமாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "கவலைப்படாதே, மிச்சியோவுக்குப் போன் பண்ணி ஏதாவது நல்ல வார்த்தை பேசு. பூ வாங்கிக் குடு. பொம்பளைங்களுக்கு அது போதும்" என்று கிசுகிசுத்தார். நான், "சரிங்க" என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். இன்று காலை, "நகாசே, டீ" என்றார். டீயை வைக்கும்போது சொல்லியிருக்கலாம். ஓந்தா வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போதுகூடச் சொல்லியிருக்கலாம். உன்னைப் போலத்தான், நானும் பேசாமல் இருந்தேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை.

உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய பலகைச் சுவர், பேச்சு கேட்டது. "நான் முத்திரை வெக்கிறேன். பதிலுக்கு நகாசேயை வீட்டுக்கு அனுப்பணும். எழுத்துல குடுங்க" என்று கேட்டது. ஓந்தா, "அதுக்கென்ன, தாராளமா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். எழுந்தது நானா என்றுகூடத் தெரியவில்லை. தட்டாமலே கதவைத் திறந்தேன்.

"மொரிஷிகே சான், நாங்க பிரியல. விவாகரத்து எதுவும் இல்ல" என்றேன்.

முத்திரை அவர் கையில் இருந்தது. "என்னடா சொல்றே?"

"அன்னிக்கு நான் வந்தது அதுக்கு இல்ல."

"பின்னே எதுக்கு வந்தே?"

ஓந்தா என்னை முறைத்துத் தலையை ஆட்டினான். ஆனால் வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை. "உங்களை ராஜினாமா பண்ண வெக்கத்தான். அப்படிப் பண்ணினா எனக்கு ஒசாகாவுல இடம்னு இவர் சொன்னாரு. நான் சரின்னேன். மிச்சியோவுக்கும் தெரியும்."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் முத்திரையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு எழுந்து போய்விடுவார், பழையபடி சுவரைப் பார்த்து உட்காருவார், என் முகத்தில் மட்டும் முழிக்க மாட்டார், அது போதும் என்று நினைத்தேன்.

அவர் முத்திரையைப் பெட்டியில் போடவில்லை. ஓந்தா பக்கம் திரும்பினார்.

"இத்தனை மாசமா சுவத்தைப் பார்க்க வெச்சீங்க. தாங்கிட்டேன். என்னென்னமோ எழுதி வாசிக்கச் சொன்னீங்க. அதையும் தாங்கிட்டேன். இவன் பக்கத்துல உட்கார்ந்து நாளைக்கு இவன் போடற டீயைக் குடிக்கறது மட்டும் என்னால ஆகாது. எங்கே வெக்கணும்?"

ஓந்தா விரலால் காட்டினான். அவர் முத்திரையை வைத்தார். நேராக, அழுத்தமாக, கொஞ்சமும் கலங்காமல் வைத்தார். கோட்டை எடுத்துக்கொண்டு, மேசையில் இருந்த எதையும் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஓந்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பிரமாதம் நகாசே சான். எனக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு தோணவே இல்ல" என்றான். நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைக்கிறான். இல்லை என்று சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

மிச்சியோ, உண்மையைச் சொல்லித்தான் அவரைத் துரத்தினேன். பொய் சொல்லி அனுப்பியிருந்தால், நல்லது செய்தோம் என்ற சந்தோஷத்தோடாவது போயிருப்பார்.

குனிஹிகோ


ஹிராகதா
பிப்ரவரி 5

தகூமாவின் அப்பாவுக்கு,

தொஷிகோ அம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். வாசலில் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஓந்தா வீட்டுக்கே போன் செய்தான். உங்கள் மாற்றல் உறுதியாகிவிட்டதாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு மனுஷங்க மனசு நல்லாப் புரியுதுங்க. ஏப்ரல்லேருந்து எங்க பிரிவிலேயே வேலை. இந்த வருஷம் இன்னும் நிறையப் பேர்கிட்டப் பேச வேண்டியிருக்கு. அந்தப் பொறுப்பை அவர்கிட்டயே குடுக்கப்போறோம்" என்றான்.

ரொம்ப நன்றி என்றேன். பழக்கதோஷம், போனைப் பார்த்துத் தலையும் வணங்கினேன்.

ஆக, ஓந்தா உட்கார்ந்த நாற்காலியில் இனி நீங்கள். நான் குதிக்கவில்லை, கத்தவில்லை. பாத்திரம் கழுவினேன். வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அக்டோபரில் இருந்த கடன் அப்படியேதான் இருக்கிறது, தகூமாவின் பரீட்சை அப்படியேதான் இருக்கிறது, எனக்குத் தெரிந்த கணக்கு எதுவும் மாறவில்லை. ஆகவே வாருங்கள். ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. வந்த பிறகு நாம் ஒரே வீட்டில் இருப்போம், கடிதம் இருக்காது. சாயங்காலம் நீங்கள் உள்ளே வருவீர்கள், இன்னிக்கு எப்படி என்று கேட்பேன், ஒண்ணுமில்ல என்பீர்கள். அப்படியா என்பேன். சாகும்வரை அப்படியே போய்விடும். இந்தச் சில மாதங்களில் உங்களைத் தெரிந்துகொண்ட அளவுக்கு இருபது வருஷத்தில் தெரிந்துகொண்டதில்லை. தெரிந்தது எல்லாம் நல்லதாக இல்லை, என்னைப் பற்றித் தெரிந்ததும்தான். இருந்தாலும் இதை இழக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். ஏப்ரலில் உங்கள் எதிரே வந்து உட்காரப்போகிற முதல் ஆளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? உங்களைப் போல வீட்டுக் கடனோடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோடு ஒருவர் வந்து உட்காருவார். அவரிடம் சொல்லப் போகிறதை, நீங்கள் பேசப் போகிறபடியே, வார்த்தைக்கு வார்த்தை எனக்கு எழுதுங்கள். படித்துவிட்டு வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

மிச்சியோ


டொயாமா
பிப்ரவரி 13

மிச்சியோவுக்கு,

நீ கேட்டதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். 'வணக்கம், உட்காருங்க' வரைக்கும் சுலபமாக எழுதிவிட்டேன். அதற்கடுத்த வரி வரவே இல்லை. ஓந்தா பேசுவதை அப்படியே எழுதிப் பார்த்தேன். படித்தால் என் குரலிலேயே கேட்டது. அன்பாகப் பேசுவது போல எழுதிப் பார்த்தேன், அது அதைவிடக் கேவலமாக இருந்தது. உனக்கு அனுப்ப முடியாத ஒன்றை எந்த மனிதனிடம் நான் உட்கார்ந்து சொல்வேன்?

கடைசியில் என்னால் முழுசாக எழுத முடிந்தது வேறு ஒன்றுதான். ஒரே வரி. 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்.' வியாழக்கிழமை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டேன்.

வீடு போய்விடும். எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன், கணக்கு சரியாக வரவில்லை, அப்படியும் வைத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் உன் பேச்சைக் கேட்டிருப்பேன்.

பயமாக இருக்கிறது, மிச்சியோ. ஆனால் மறுநாள் காலை எழுந்தபோது வாந்தி வரவில்லை. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வருகிற சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். தகூமாவிடம் பரீட்சை முடியும்வரை சொல்ல வேண்டாம். நீ என்னைத் திட்டுவாய், திட்ட வேண்டும். ஆனால் கதவைத் திறந்து உள்ளே விட்ட பிறகு திட்டு.

குனிஹிகோ